போர்டு போச்சு என்று சொல்லாதீர்கள்!



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கொடு என்று மலர்க்குழு அண்ணன் கேட்டபோது, "காதல் கவிதை மட்டும் வேண்டாம்டா, ஏற்கெனவே பதினேழு வந்து கிடக்கு" என்றும் சேர்த்துச் சொன்னார். எனக்குக் கவிதை வராது. எனக்கு எழுதத் தெரிந்தது ஒரு ஃபிரிட்ஜைப் பற்றித்தான். மெக்கானிக்கல் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டி விட வேண்டாம், உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

என் அப்பா தூத்துக்குடியில் ஒரு ஐஸ் பேக்டரியில் ஐஸ் பார் தூக்குகிறார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். இரண்டாம் ஆண்டு விடுமுறையில் ஒரு சர்வீஸ் சென்டரில் ஒரு மாதப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். அங்கே அண்ணாச்சி ஒருவரோடு என்னை அனுப்பினார்கள். சின்ன வயதிலேயே ஸ்பேனர் பிடித்தவர். செம்புக் குழாயை அவர் பற்றவைப்பதைப் பார்த்தால் நம் ஒர்க்‌ஷாப் மதிப்பெண் எல்லாம் வெட்கப்பட வேண்டும்.

ஒரு நாள், ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர் வீட்டிலிருந்து கால் வந்தது. மகன் வாங்கிக் கொடுத்த இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ். ஐஸ் மேக்கர் கதவுக்கு உள்பக்கமே இருக்கிறது. தண்ணீர் தானாக நிரம்பி, உறைந்து, கட்டியாக விழும். (எங்கள் வீட்டில் தட்டில் தண்ணீர் ஊற்றி வைக்க வேண்டும்!) ஐஸ் விழுவது நின்று, டிஸ்ப்ளேயில் ஒரு எரர் கோடு. அண்ணாச்சி புத்தகத்தைப் பார்த்தார். ஐஸ் மேக்கருக்கும் மெயின் போர்டுக்கும் தகவல் தொடர்பு இல்லை என்று இருந்தது. பிளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிடம் கழித்துப் போட்டார், கோடு மறைந்தது. நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் திரும்ப வந்து விட்டது.

"ஐஸ் மேக்கர் போர்டு போச்சு" என்றார். எஸ்டிமேட் எழுதினார். அந்தத் தொகை என் அப்பாவின் அரை மாதக் கூலி.

ஃபிரிட்ஜின் பின்பக்கம் ஒட்டியிருந்த வயரிங் படத்தை நான் அதற்குள் பார்த்திருந்தேன். மெயின் போர்டிலிருந்து ஐஸ் மேக்கருக்கு நான்கே வயர். 12 வோல்ட் ஒன்று, கிரவுண்ட் ஒன்று, பேசுவதற்கும் கேட்பதற்கும் இரண்டு. நண்பர்களே, இது நமக்குத் தெரியாததா? 8051-இல் 10-ஆவது பின் வாங்கும், 11-ஆவது பின் அனுப்பும் என்று தேர்வுக்காக மனப்பாடம் செய்தோமே, அதே சீரியல் பேச்சுதான். சும்மா இருக்கும்போது லைன் உயர்ந்த நிலையில் நிற்கும். பேச ஆரம்பித்தால் ஸ்டார்ட் பிட் அதைக் கீழே இழுக்கும். 9600 வேகத்தில் ஒரு பிட்டுக்கு 104 மைக்ரோ செகண்டு. மெயின் போர்டு கேட்கிறது, பதில் இல்லை. மறுபடி கேட்கிறது, அப்போதும் இல்லை. சில முறை பார்த்துவிட்டுத்தான் கோடு காட்டுகிறது. அதாவது "எனக்குப் பதில் வரவில்லை" என்பது மட்டுமே அது சொல்லும் செய்தி. பதில் சொல்ல வேண்டியவன் செத்தானா, வாய் கட்டப்பட்டதா, நடுவில் பாதை அறுந்ததா, அதற்கு எப்படித் தெரியும்?

இதெல்லாம் அன்றைக்கே என் மண்டையில் ஓடியது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. பயிற்சிச் சான்றிதழில் கையெழுத்து வேண்டுமே! பெரியவர் சொல்லும்போது பையன் குறுக்கே பேசலாமா என்ற பயமும் இருந்தது.

ஒரு வாரத்தில் புது ஐஸ் மேக்கர் வந்தது, மாட்டினோம், கோடு போனது. டீச்சரம்மா பணம் கொடுத்தார். இரண்டே நாளில் அதே கோடு! "அப்போ மெயின் போர்டுதான்" என்றார் அண்ணாச்சி. அதன் விலை இன்னும் அதிகம். டீச்சரம்மா அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "தம்பி, நீ படிக்கிற பையன்தானே, இதையும் மாத்தித்தான் ஆகணுமா?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு நாக்கு வந்தது. "அண்ணாச்சி, ஒரு தடவை வயரைப் பாத்துருவோமா?"

"டிஸ்ப்ளேயும் அதே கதவுலதானலே இருக்கு? அது எரியுது. வயர் போயிருந்தா அதுவும் போயிருக்கணும்லா?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் கீல் வழியாகப் போகும் கட்டில் டிஸ்ப்ளேக்கு வேறு வயர், ஐஸ் மேக்கருக்கு வேறு வயர். பிளக்கைப் பிடுங்கினோம். இன்வெர்ட்டர் மாடல் என்பதால் சில நிமிடம் காத்திருந்தோம். 230 வோல்ட்டை டிசி ஆக்கினால் 325 வோல்ட் கெப்பாசிட்டரில் நிற்கும், பிளக் கழற்றிய உடனே பெட்டிக்குள் கை வைக்கக் கூடாது. மேல் கீல் மூடியைத் திறந்து, இரு முனைக் கனெக்டரையும் கழற்றி, மல்டிமீட்டரைக் கண்டின்யூட்டியில் வைத்தேன். பீப், பீப், பீப், பீப். நான்கும் நன்றாக இருக்கிறது! அண்ணாச்சி சிரித்தார். எனக்கு வியர்த்து விட்டது. பிறகு, புரோபை எடுக்காமலே, "கதவை மெதுவா ஆட்டுங்க அண்ணாச்சி" என்றேன். பாதி திறந்த இடத்தில் நான்காவது வயரில் பீப் நின்றது. சாத்தினால் வந்தது, திறந்தால் போனது. மேல் தோல் முழுசாக இருக்கிறது, உள்ளே செம்பு இழை அறுந்து கிடக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஃபிரிட்ஜைத் திறக்கிறோம், கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள். முனைகள் தொட்டுக் கொண்டிருந்த நேரமெல்லாம் கோடு இல்லை, அவ்வளவுதான். வயரைக் கொஞ்சம் நீளம் கூட்டி ஈயம் வைத்து, ஸ்லீவ் போட்டு, மடங்காதபடி கட்டினோம். அதன் பிறகு அந்தக் கோடு வரவில்லை.

அன்று இரவு அப்பாவிடம் சொன்னேன். "எங்க பேக்டரியில பிரஷர் கேஜ் முள்ளு விழுந்துட்டுன்னா, ஆப்பரேட்டர் கம்ப்ரஸரையாலே கழட்டுவான்? மொதல்ல கேஜ் வால்வு தொறந்திருக்கான்னு பாப்பான்" என்றார். அப்பா எட்டாவதோடு நின்றவர்.

அண்ணாச்சியைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அவர் படித்த காலத்து ஃபிரிட்ஜில் போர்டே கிடையாது. தெர்மோஸ்டாட், ரிலே, கம்ப்ரஸர், முடிந்தது. புது மெஷினுக்கு அவரை யாரும் பயிற்சிக்கு அனுப்பவில்லை, நாளைக்கு இத்தனை கால் முடிக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறார்கள். போர்டு மாற்றுவதுதான் வேகம் என்று என் நண்பனும் வாதாடுகிறான். சரி, மாற்று. ஆனால் அளந்துவிட்டு மாற்று. ஐஸ் மேக்கர் முனையில் 12 வோல்ட் வருகிறதா? கிரவுண்ட் சரியா? பின்னில் ஈரம் பட்டுப் பச்சை பூத்திருக்கிறதா? கதவை ஆட்டியும் வயர் நிற்கிறதா? டேட்டா லைன் எப்போதும் பூஜ்யத்திலேயே கிடந்தால் ஐஸ் மேக்கரைக் கழற்றிப் பார். உடனே லைன் எழும்பினால் பெரும்பாலும் குற்றவாளி ஐஸ் மேக்கர்தான். எழும்பாவிட்டால் வயரையோ மெயின் போர்டையோ சந்தேகப்படு. இத்தனைக்கும் பத்து நிமிடம் ஆகாது.

ஆனால் நமக்கு மட்டும் இதை யார் சொல்லித் தந்தார்கள்? நம் லேபில் உள்ள கிட் எல்லாம் வேலை செய்யும் கிட். வேலை செய்யாத கிட்டை பீரோவில் வைத்துப் பூட்டி விடுகிறார்கள். அவுட்புட் வந்தால் மார்க்கு, வராவிட்டால் பக்கத்து டேபிளைப் பார்த்து எழுதுகிறோம். (நானும்தான்!) வெளியே போனால் நமக்குச் சம்பளம் தரப் போவதே வேலை செய்யாத மெஷின்கள்தானே? நம் சங்கத்தின் மூலம் நான் வைக்கும் கோரிக்கை இது: பூட்டிய கிட்டுகளை வெளியே எடுங்கள். சார் ஒருவர் நமக்குத் தெரியாமல் ஒரு வயரை அறுத்து வைக்கட்டும், ஒரு கனெக்டரைத் தளர்த்தி வைக்கட்டும். கண்டுபிடித்த வழியை ரெக்கார்டில் எழுதினால் மார்க்குத் தரட்டும். பழைய கடையில் ஒரு ஓட்டை ஃபிரிட்ஜ் வாங்கக் கேட்டால் நான் பத்து ரூபாய் முதலில் போடுகிறேன்.

கழற்றிய பழைய ஐஸ் மேக்கரை அண்ணாச்சி குப்பையில் போடச் சொன்னார், நான் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். மோட்டார் சுற்றுகிறது, சென்சார் குளிரக் குளிர ஓம்ஸ் ஏறுகிறது. அதில் எந்தப் பழுதும் இல்லை. டீச்சரம்மா கொடுத்த பணம் வீண். முதல் நாளே நான் வாய் திறந்திருந்தால் மிச்சமாகியிருக்கும். இதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த மலர் கைக்கு வந்ததும் ஒரு பிரதியையும் அந்த ஐஸ் மேக்கரையும் எடுத்துக் கொண்டு அவர் வீட்டுக்குப் போக இருக்கிறேன்.