பதவி பறித்த பேரவை

ஸ்காட்லாந்து சுதந்திரத் திருச்சபையின் பொதுப்பேரவை, அபர்டீன் இறையியல் கல்லூரியில் எபிரேயம் கற்பித்த வில்லியம் ராபர்ட்சன் ஸ்மித்தை 1881 மே மாதம் பதவியிலிருந்து நீக்கியது. அவர் செய்த குற்றம், கலைக்களஞ்சியத்துக்குக் கட்டுரை எழுதியது.

இந்தத் திருச்சபையே மனசாட்சியின் பெயரால் பிறந்ததுதான். சபை மக்கள் விரும்பாத போதகரை நிலப்பிரபுக்கள் திணிப்பதை எதிர்த்து, 1843இல் நானூற்றுக்கும் மேற்பட்ட போதகர்கள் வீட்டையும் சம்பளத்தையும் துறந்து வெளியேறினார்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளர்ந்ததும் இவர்களின் ஆதரவில்தான். அரசிடம் சுதந்திரம் கேட்டவர்கள், தங்கள் பேராசிரியருக்கு அதைத் தர மறுத்தார்கள்.

ஸ்மித் நாத்திகர் அல்லர். போதகரின் மகன், தாமும் போதகர். 23 வயதிலேயே பேராசிரியர் ஆனவர். பிரிட்டானிக்கா ஒன்பதாம் பதிப்புக்கு 1875இல் அவர் எழுதிய ‘பைபிள்’ கட்டுரை, பைபிளின் ஐந்தாம் நூலான உபாகமத்தின் சட்டங்கள் மோசேக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவை என்றது. ஜெர்மன் அறிஞர்களிடையே இது அப்போதே பழகிய பேச்சு. ஸ்காட்லாந்திலோ ஐந்தாண்டு விசாரணை. 1880இல் மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில், எச்சரிக்கையுடன் தப்பினார். சில நாள்களிலேயே, முன்பே எழுதிக் கொடுத்திருந்த அவருடைய அடுத்த கட்டுரை அச்சாகி வந்து, வழக்கை மீண்டும் கிளப்பிவிட்டது!

எதிர்த்தவர்களை மூடர்கள் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. வேதாகமத்தையே ஆதாரமாகப் பற்றி வாழும் குடியானவனிடம் ‘இதை மோசே எழுதவில்லை’ என்றால் அவன் எதைப் பற்றிக்கொள்வான் என்பது நேர்மையான கவலைதான். ஆனால், பதவிநீக்கம் அந்தக் கேள்விக்குப் பதிலாகுமா? வரலாற்று ஆய்வு விசுவாசத்தை அழிக்காது என்று ஸ்மித் பதில் வைத்திருந்தார். அதைக் கேட்க எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் பெருங்கூட்டம் திரண்டது. பேரவையின் பெரும்பான்மைக்குத்தான் பொறுமை இல்லை.

நீக்கியதால் பேரவைக்கு என்ன லாபம்? எந்தக் கலைக்களஞ்சியத்தில் எழுதியதற்காகத் தண்டிக்கப்பட்டாரோ, அதற்கே அவர் ஆசிரியர்களில் ஒருவரானார். 1883இல் கேம்பிரிட்ஜ் அவரை அரபுப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. அங்கே பழகிய மானிடவியலாளர் ஜேம்ஸ் ஃப்ரேசரிடம் அந்தக் கலைக்களஞ்சியத்துக்காக ‘டோட்டம்’, ‘டாபு’ கட்டுரைகளை எழுதி வாங்கினார். 1890இல் ஃப்ரேசர் தம் ‘தங்கக் கிளை’ நூலை ஸ்மித்துக்கே சமர்ப்பித்தார். பலியைக் கடவுளுக்கான காணிக்கையாக மட்டும் பார்க்காமல், குலமும் தெய்வமும் கூடியுண்ணும் விருந்தாகப் பார்த்த ஸ்மித்தின் 1889ஆம் ஆண்டு நூல் சமூகவியலாளர் டர்க்கைமையும் உளப்பகுப்பாய்வாளர் ஃப்ராய்டையும் பாதித்தது. அபர்டீன் வகுப்பறையிலேயே விட்டிருந்தால் அவர் குரல் இவ்வளவு தூரம் போயிருக்குமா என்பது சந்தேகமே. காசநோயால் 1894இல் இறந்தபோது அவருக்கு வயது 47.

விசாரணைக் காலத்தில் அவருக்குப் பதிலாக அபர்டீனில் எபிரேயம் கற்பிக்க அனுப்பப்பட்டவர் ஜார்ஜ் ஆடம் ஸ்மித். அதே ஆய்வுமுறையை ஆதரித்து எழுதியதற்காக 1902இல் அவர்மீதும் புகார் எழுந்தது. இம்முறை பேரவை விசாரிக்க மறுத்துவிட்டது. 1909இல் அவர் அபர்டீன் பல்கலைக்கழகத்தின் முதல்வரானார்.