ஒட்டுப் போடுவது எத்தனை நாளைக்கு?

மே மாதம் பிறந்துவிட்டால் மும்பையில் தமிழர்கள் வாழும் பகுதிகளில் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். தாராவியிலும், சயான் கோலிவாடாவிலும், ஆண்டாப்ஹில்லிலும் கூரைகளின் மேல் நீல நிறத் தார்ப்பாய்கள் ஏறும். நான்கு மூலையிலும் செங்கல்லை வைத்து, கயிற்றால் இழுத்துக் கட்டி, "இந்த வருஷத்தை ஓட்டிவிடலாம்" என்று சொல்லிக்கொண்டு இறங்குவார்கள். மழை முடிந்து அக்டோபர் வெயில் அடித்ததும் அந்தப் பாய் நைந்து தொங்கும். அடுத்த மே மாதம் மறுபடியும் புதுப் பாய்.

பாய் ஒன்றுதான் என்றில்லை. ஊறிய சுவருக்கு ஒரு பூச்சு டிஸ்டெம்பர், ஒழுகும் குழாய் மூட்டுக்கு ஒரு சுற்றுத் துணியும் எம்சீலும், மின் கம்பி பொறி பறந்தால் அதன்மேல் ஒட்டு நாடா. வாடகை வீடுகளில் ரிப்பேர் என்பது பெரும்பாலும் இவ்வளவுதான்.

வீட்டுக்காரரைக் கேட்டால், "குடியிருப்பவர் ஒழுங்காக வைத்துக்கொள்வதில்லை" என்பார். குடியிருப்பவரோ, "பதினோரு மாதத்தில் காலி செய்யப் போகிற வீட்டுக்கு நான் ஏன் செலவழிக்க வேண்டும்?" என்பார். இருவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த நியாயங்களுக்கு நடுவே நனைந்த சுவரை ஒட்டிப் பாய் விரித்துப் படுப்பது குழந்தைகள்.

பதினோரு மாத ஒப்பந்தத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒரு மழைக்காலத்தை எப்படியோ கடத்திவிட்டால், அடுத்த மழைக்கு வேறொரு குடும்பம் வந்துவிடும். வெள்ளையடித்த சுவரைப் பார்த்து அவர்களும் டெபாசிட்டைக் கொடுத்துவிடுவார்கள். ஜூலையில்தான் சுவர் தன் உண்மை நிறத்தைக் காட்டும். இந்த ஏற்பாட்டில் வீட்டுக்காரருக்கு லாபம் என்று நினைப்பது தவறு. கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

ஒரு கோலியின் மாத வாடகை 8,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், தார்ப்பாயும் மூங்கிலும் கூலியும் சேர்ந்து 2,500, சுவருக்கு வர்ணம் 4,000, பிளம்பருக்கு அவ்வப்போது கொடுப்பது 1,500. ஆக வருடத்துக்கு 8,000 ரூபாய். ஒழுகலைப் பொறுக்காமல் குடியிருப்பவர் காலி செய்து, வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் இன்னொரு 8,000. மூன்று வருடத்தில் 48,000 ரூபாய் தண்ணீரோடு போகிறது. இது உதாரணக் கணக்குத்தான். கோலிக்குக் கோலி மாறும். ஆனால் அந்தப் பணத்தை ஒரே தடவையாகச் செலவழித்திருந்தால், பல கோலிகளில் மோரியை உடைத்துச் சரியாகக் கட்டி, கூரைத் தகட்டையும் மாற்றியிருக்க முடியும். அதன் பிறகு பல வருடங்களுக்குப் பெரிய செலவு வராது. குடியிருப்பவருக்கும் புதிய புரோக்கர் கமிஷன், சாமான் ஏற்றும் கூலி, பிள்ளையின் பள்ளிக்கூடம் மாற்றும் தொல்லை ஆகியவை மிச்சம்.

எங்கே செலவழிப்பது என்பதில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். கையில் பணம் வந்ததும் தரைக்குப் பளபளப்பான டைல்ஸ், கூரைக்கு அடியில் பிளாஸ்டர் ஆப் பாரிஸ் அலங்காரம் என்று இறங்கிவிடுகிறார்கள். தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் செய்யும் அலங்காரம் இரண்டு மழைக்குத் தாங்காது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் கொட்டித் தீர்க்கும் ஊர் இது. சென்னையில் வருடம் முழுவதும் பெய்யும் மழை சுமார் 1,400 மில்லிமீட்டர்தான். திருநெல்வேலிச் சீமையில் அதைவிடவும் குறைவு. தளத்துக்குக் கொஞ்சம் வாட்டம் கொடுத்தால் போதும் என்ற ஊர்ப் பழக்கம் இங்கே எடுபடாது. மொட்டைமாடியில் தண்ணீர் தேங்கினால் அது கீழே இறங்கியே தீரும். மேலே தார் பூசுவதைவிட, பழைய தளத்தைக் கொத்தி எடுத்து, செங்கல் துண்டு பரப்பி, வாட்டம் பார்த்துக் கோபா போடுவதே நிலையான வேலை.

அடுத்தது மோரி. மாடி வைத்த வீடுகளில் கீழ் வீட்டுக்காரர் மழை ஒழுகல் என்று நினைப்பது பல சமயம் மேல் வீட்டு மோரியின் கசிவாக இருக்கும். கோடையிலும் சுவர் ஈரமாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். மோரியை உடைத்துக் கட்டும்போது, டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பு நீர்க்காப்புப் பூச்சுப் பூசி, வாயை அடைத்து, ஒரு முழு நாள் தண்ணீர் தேக்கிப் பார்க்க வேண்டும். இதற்குப் பொறுமை இல்லாத கொத்தனாரிடம் வேலையைக் கொடுக்கக் கூடாது.

சுவர் இடுக்கில் முளைக்கும் அரசங்கன்றை வருடா வருடம் ஒடித்துவிடுகிறார்கள். அது அடுத்த மழைக்கு இரண்டு கிளையாக வருகிறது. வேரோடு எடுத்து, அந்த இடத்தைக் கொத்திப் பூசினால்தான் நிற்கும். காங்கிரீட் உதிர்ந்து கம்பி தெரிகிற இடத்திலும் இதே கதைதான். துருப் பிடித்த இரும்பு ஊதிப் பெருத்து, உள்ளிருந்தே காங்கிரீட்டைப் பிளக்கும். துருவைச் சுரண்டாமல் மேலே சிமெண்ட் பூசுவது புண்ணை மூடித் துணி கட்டுவது போன்றது.

புதுப்பிக்கிறேன் என்று தூணில் கை வைப்பது இதைவிட ஆபத்தானது. 2017 ஜூலை 25 அன்று காட்கோபரில் மாடிக் கட்டிடம் ஒன்று இடிந்து 17 பேர் உயிரிழந்தார்கள். கீழ்த்தளத்தில் நடந்து வந்த மாற்ற வேலைகள் மீதே குற்றச்சாட்டு எழுந்தது. எந்தச் சுவர் பாரம் தாங்குகிறது, எது வெறும் தடுப்பு என்பதைப் பொறியாளர் ஒருவரிடம் கேட்க ஆகும் கட்டணம் பெரிதல்ல.

பழைய பக்டி கட்டிடங்களின் நிலை வேறு. 1947-ம் வருடத்துச் சட்டம் வாடகையை 1940 செப்டம்பர் மாத அளவோடு கட்டிப்போட்டது. அந்த வாடகையில் ரிப்பேர் செய்ய முடியாது என்று கட்டிடக்காரர்கள் கையை விரித்தார்கள். இப்படி வாடகையை உறைய வைப்பது நியாயமல்ல என்று 1997-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொன்னது. 2000 மார்ச் 31 முதல் அமலில் உள்ள புதுச் சட்டம் வருடத்துக்கு 4 சதவீதம் உயர்த்த அனுமதிக்கிறது. வீட்டைக் குடியிருக்கத் தக்க நிலையில் வைத்திருப்பது உடைமையாளரின் கடமை என்றும் சொல்கிறது. அவர் தவறினால், 15 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் குடியிருப்பவரே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு வருடத்தில் கழிப்பது அந்த வருட வாடகையில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மாதம் 200 ரூபாய் வாடகை கொடுப்பவருக்கு இது 600 ரூபாய். இரண்டு மூட்டை சிமெண்ட் வாங்கவும் போதாது. இத்தகைய கட்டிடங்களில் குடியிருப்போர் ஒன்று கூடிப் பணம் போட்டு, உடைமையாளரையும் பங்கு கொடுக்க வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. நோட்டீஸ் கொடுத்த நகலும், செலவு ரசீதும் கையில் இருக்க வேண்டும்.

"எப்படியும் இடிக்கப் போகிறார்கள், எதற்கு வீண் செலவு?" என்ற பேச்சும் தாராவியில் கேட்கிறது. மறுசீரமைப்புத் திட்டத்துக்கு அரசு ஒப்புதல் அளித்தது 2004-ல். அந்த வருடம் தாராவியில் பிறந்த குழந்தை இன்று வேலைக்குப் போகிறது. அத்தனை மழையையும் அது தார்ப்பாய்க்குக் கீழேதான் கழித்திருக்கிறது.

வாடகைக்கு விடுபவர்களிலும் தமிழர்கள் பலர் உண்டு. முப்பது நாற்பது வருடங்களுக்கு முன் வெறுங்கையோடு ரயில் ஏறி வந்து, ஒழுகும் கோலியில் ஒண்டிக் கிடந்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒன்றிரண்டு கோலி வாங்கியவர்கள் அவர்கள். ஊரிலிருந்து புதிதாக வரும் பையனிடமே அந்தக் கோலியை வாடகைக்கு விடும்போது, தாம் பட்ட பாட்டை மறந்துவிடலாகாது. மொத்தமாகப் பணம் புரட்ட முடியாதவர்களுக்கு ஊர்ச் சங்கங்களின் சீட்டு இருக்கிறது. கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் சீட்டு எடுப்பவர்கள் கூரைக்கும் ஒரு முறை எடுக்கலாம். குடியிருப்பவர் முன்பணமாகக் கொஞ்சம் கொடுத்து, அதை மாத வாடகையில் கழித்துக்கொள்வதும் நடக்கக் கூடியதே. ஆனால் இதை ஒப்பந்தத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். வாய்ப் பேச்சு புரோக்கரோடு போய்விடும்.

காலத்தையும் பார்க்க வேண்டும். மே மாதக் கடைசியில் அவசரம் அவசரமாகக் கொத்தனாரைத் தேடினால், ஆளும் கிடைக்காது, கூலியும் ஏறியிருக்கும், பூச்சு காய்வதற்குள் மழை வந்துவிடும். ஜூலை மழையில் தண்ணீர் எந்த இடத்தில் இறங்குகிறது என்று சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, போனில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொண்டு, சுவர் உலர்ந்த பிறகு நவம்பரில் வேலையைத் தொடங்குவதே முறை. தீபாவளி போனஸ் கைக்கு வருவதும் அந்தச் சமயத்தில்தான்.