முறிந்த மாமரம் துளிர்க்கிறது... விடலாமா, வெட்டலாமா?

''எங்கள் மனையில் 25 வயதான பங்கனப்பள்ளி ஒட்டு மாமரம் இருக்கிறது. போன மழைக்காலக் காற்றில் உச்சியும் இரண்டு பெரிய கிளைகளும் முறிந்துவிட்டன. மீதியையும் ஆள் வைத்து மட்டமாக அறுத்துவிட்டோம். இப்போது அடிமரம் முழுக்கக் கொத்துக்கொத்தாகத் துளிர் வருகிறது. 'இது வீண் துளிர், காய்க்காது, விறகுக்குக் கொடுத்துவிடுங்கள்' என்கிறார்கள். அம்மாவுக்கு மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?''
- வாசகி, மறைமலை நகர்.

விறகுக்கடைக்காரரை இப்போதைக்குக் கூப்பிட வேண்டாம். அதற்காக வருகிற துளிரை எல்லாம் அப்படியே விட்டுவிடவும் கூடாது. எது எங்கிருந்து கிளம்புகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இலை கிளையோடு சேரும் கக்கத்தில் ஒரு மொட்டு இருக்கும். சில மொட்டுகள் கிளையாகின்றன. பல மொட்டுகள் ஒன்றும் ஆகாமல் அப்படியே தூங்கிவிடுகின்றன. இலை உதிர்ந்து, கிளை பருத்து, பட்டை தடித்த பிறகும் அவை செத்துப்போவதில்லை. மரம் பருக்கப் பருக்க, பட்டைக்கு அடியில் இருந்தபடியே தாமும் வெளிப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து வருகின்றன. இவைதான் உறங்கும் மொட்டுகள்.

இவற்றைத் தூங்க வைப்பது நுனிக்குருத்து. அங்கே உருவாகும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி கீழே இறங்கி, பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது. வேரிலிருந்து மேலே வரும் சைட்டோகைனின் அவற்றை எழுப்பப் பார்க்கும். நுனி இருக்கும்வரை நுனியின் கைதான் ஓங்கும். நுனி போனால் தூக்கம் கலைந்துவிடும். செடிமுருங்கை 75 செ.மீ. வந்ததும் நுனியைக் கிள்ளுவதும், நவம்பர் கடைசியில் மல்லிகையை அரை மீட்டருக்குக் கவாத்து செய்வதும் இந்தக் கணக்கில்தான். தெரிந்தோ தெரியாமலோ விவசாயிகள் தினமும் இந்த மொட்டுகளை எழுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது தாம்பரம், வண்டலூர் பக்கம் விழுந்த மரங்களுக்குக் கணக்கில்லை. வேர் அசையாமல், கிளை மட்டும் போய் மொட்டையாக நின்ற வேம்பும் புங்கனும் பல இடங்களில் மறுபடி பச்சை கட்டியது உறங்கும் மொட்டுகளால்தான்.

எல்லா மரத்துக்கும் இந்த வாய்ப்பு கிடையாது. தென்னைக்கு இருப்பது ஒரே குருத்து. மட்டையின் கக்கத்தில் வரும் மொட்டு பாளையாகப் போய்விடுவதால், கிளையாக மாறச் சேமிப்பு எதுவும் இல்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணி பகுதியில் கொண்டை முறிந்த தென்னைகளைக் காப்பாற்ற வழியில்லாமல் போனது அதனால்தான். சவுக்கும் வெட்டினால் சரியாகத் துளிர்க்காது. தைல மரமோ வெட்ட வெட்டத் துளிர்க்கும். ஆஸ்திரேலியாவில் காட்டுத்தீயில் கருகிய தைல மரங்கள் சில வாரங்களிலேயே அடிமுதல் துளிர்த்து நிற்பதைப் பார்க்கலாம். மா இந்த விஷயத்தில் நல்ல மரம்தான்.

இனி வாசகியின் மரத்துக்கு வருவோம். அடிமரத்தில், தரையிலிருந்து ஒரு முழத்துக்குள் பட்டையின் நிறமோ தடிப்போ மாறும் இடம் தெரிகிறதா என்று பாருங்கள். அதுதான் ஒட்டு. அதற்குக் கீழே வரும் துளிர் வேர்ச்செடியுடையது. அது பங்கனப்பள்ளி ஆகாது. மேலே போக வேண்டிய சத்தையும் அது இழுத்துக்கொள்ளும். அடியோடு கிள்ளி எடுத்துவிடவும். ஒட்டுக்கு மேலே வருவதெல்லாம் பழைய பங்கனப்பள்ளியேதான். கொட்டை முளைத்து வந்த கன்றைப் போல அது பல வருடம் காக்க வைக்காது. மேல் பக்கம் முழுக்கக் காய்ந்து, கீழே மட்டும் துளிர் வந்தால்கூட மனசு விட வேண்டாம். ஒரு நல்ல துளிரை வளர்த்து, அதில் பங்கனப்பள்ளிக் குச்சியை ஒட்டுக் கட்டிக்கொள்ளலாம்.

காய்க்காத கிழட்டு மாமரங்களை வேண்டுமென்றே மொட்டையடித்துப் புதுப்பிக்கும் முறையை லக்னோவில் உள்ள மத்திய மித வெப்பமண்டலத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்து வருகிறது. அங்கே மனிதர்கள் செய்வதை இங்கே காற்று செய்திருக்கிறது. அப்படி வெட்டிய மரங்கள் இரண்டு, மூன்று வருடங்களில் மறுபடி காய்ப்புக்கு வருகின்றன.

ஆனால், துளிரைக் கழிக்காமல் விட்டால் மரம் புதராகிவிடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. இளங்கிளையிலேயே பிறந்து வளர்ந்த கிளை, மரத்தின் உள்ளே வரை வேரூன்றி நிற்கும். உறங்கும் மொட்டிலிருந்து வந்த கிளைக்குப் பட்டையை ஒட்டிய மேல்மரத்தில்தான் பிடிப்பு. முதல் சில வருடங்கள், கனம் கூடக் கூட, பலத்த காற்றில் அது பிய்ந்து விழலாம். வீட்டுக்கும் வாசலுக்கும் நேரே வரும் துளிர்களை இப்போதே எடுத்துவிடுவது நல்லது. மற்றவற்றில் வெளிப்பக்கம் பார்த்து வளர்கிற, ஒன்றுக்கொன்று இடைவெளி உள்ள துளிர்களாக, கட்டைக்கு ஏழெட்டு மட்டும் விடவும். அடுத்த வருடம் அதிலும் வலுவில்லாததைக் கழிக்கலாம். மாவில் பூ வருவது முற்றிய கிளை நுனியில். ஆகையால் ஆகஸ்டுக்குப் பிறகு நுனியில் கை வைக்க வேண்டாம்.

அறுத்த வாயை அப்படியே விட்டால் அழுகல் வரும், தண்டுத் துளைப்பானும் வரும். 1 கிலோ மயில்துத்தத்தை 5 லிட்டர் தண்ணீரிலும், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பை 5 லிட்டர் தண்ணீரிலும் தனித்தனியே, பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரத்தில் கரைத்து, பிறகு கலந்தால் போர்டோ பசை தயார். இரும்புக் கத்தியை அதில் நனைத்துப் பார்க்கவும். செம்புநிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்கவும். இதை வெட்டுவாயில் பூசிவிடவும். அடிமரத்தில் ஓட்டையும், மரத்தூள் கொட்டுவதும் தெரிந்தால் துளைப்பான் உள்ளே இருக்கிறது. கம்பியால் குத்தி எடுக்க வேண்டும்.

அடிமரத்தைத் தட்டினால் பொந்துச் சத்தம் கேட்டாலோ, ஒரு பக்கம் வேர் கிளம்பி மண் வெடித்து, மரம் வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தாலோ மட்டும் விறகுக்கடைக்காரரைக் கூப்பிடலாம். அப்படி இல்லை என்றால் அம்மா சொல்வதைக் கேளுங்கள்.