திருட்டு வண்டி வெச்சிருந்தா கொள்ளைக்காரனா?

ரெண்டு வருசம் முன்னாடி ஒரு செகண்ட் ஹேண்ட் ஸ்ப்ளெண்டர் பாக்கப் போனேன். விலை ரொம்ப சல்லிசு. ஆர்.சி. புக் எங்கேன்னு கேட்டா, "ஊர்ல இருக்கு சார், அடுத்த வாரம் தர்றேன்". வீட்டம்மா முறைச்ச முறைப்புல வாங்காம வந்துட்டேன். வாங்கியிருந்தா?

சரி, மேட்டருக்கு வர்றேன். ராத்திரி ரோட்டுல ஒருத்தரை மறிச்சு, கத்தியைக் காட்டி பைக்கைப் பிடுங்கிட்டுப் போயிடறாங்க. ரெண்டு மாசம் கழிச்சு வாகன சோதனையில வண்டி சிக்குது. ஓட்டிட்டு வந்தவன் மேல வழிப்பறி கேஸ். கீழ்க்கோர்ட்டுல தண்டனை, அப்புறம் அப்பீல். அப்பீல்ல வர்ற முதல் கேள்வியே இதுதான்: வண்டி இவன்கிட்ட இருந்துச்சு, சரி. பிடுங்கினது இவன்தான்னு யார் சொன்னா?

1872 சாட்சியச் சட்டம் 114-ஆம் பிரிவுல முதல் உதாரணமே இதான். திருட்டு நடந்த கொஞ்ச நாள்லயே அந்தப் பொருள் ஒருத்தர் கையில இருந்து, அது எப்படி வந்துச்சுன்னு அவரால விளக்க முடியலைன்னா, ஒண்ணு அவர் திருடன், இல்லே திருட்டுப் பொருள்னு தெரிஞ்சே வாங்கினவர்னு கோர்ட் அனுமானிக்கலாம். 2024 ஜூலையில வந்த புதுச் சட்டத்துல இது 119-ஆம் பிரிவு. நம்பர்தான் மாறியிருக்கு. அனுமானிக்க'லாம்', கட்டாயம் இல்லை. அதுவும் ரெண்டுல ஏதோ ஒண்ணுதான்.

அந்த 'ஒண்ணு'க்கும் 'இல்லே'க்கும் நடுவுல ஒரு மனுசனோட ஆயுசு இருக்குங்க. தெரிஞ்சே திருட்டுப் பொருள் வெச்சிருந்தா அதிகபட்சம் 3 வருசம். வழிப்பறின்னா 10 வருசம் வரை, ராத்திரி நெடுஞ்சாலையில நடந்திருந்தா 14 வரை. பயங்கர ஆயுதத்தைப் பயன்படுத்தியிருந்தா 7 வருசத்துக்குக் குறையவே கூடாது.

'கொஞ்ச நாள்'னா எத்தனை நாள்? கணக்கு கிடையாது. பொருள் எவ்வளவு சுலபமா கை மாறும்னு பாக்கணும். பைக் ஒரு வாரத்துல மூணு கை மாறும், மெக்கானிக் ஷெட்லயே பேரம் முடிஞ்சிடும்.

சன்வத் கான் வழக்குல, 1950-கள்லயே சுப்ரீம் கோர்ட் இதைப் பாத்தாச்சு. ராஜஸ்தான்ல ஒரு கோயில் மகந்தும் வேலைக்காரரும் கொலை, வீடு கொள்ளை. கொள்ளை போன நகை கிடைச்சதை மட்டும் வெச்சு கொலையைச் சுமத்த முடியாதுன்னு அந்தக் குற்றச்சாட்டை ரத்து பண்ணிட்டாங்க. சந்தேகம் வேற, நிரூபணம் வேற.

"கத்தி முனையில வண்டியைப் பறிகொடுத்தவன் நீயா இருந்தா இப்படிப் பேசுவியா?"ன்னு நண்பர் ஒருத்தர் எகிறினார். நியாயமான கேள்வி. மறுநாளே வண்டியோட பறிகொடுத்தவரோட மொபைலும் பர்ஸும் அவன்கிட்ட சிக்கினா நானே உள்ள தள்ளச் சொல்வேன். மாஜிஸ்திரேட் முன்னாடி ஒழுங்கா அணிவகுப்பு நடத்தி ஆளை அடையாளம் காட்டினாலும் ஓகே. ஸ்டேஷன்லயே ஆளைக் காட்டிட்டு அப்புறம் அணிவகுப்பு நடத்தினா அது நாடகம். தப்பான ஆள் உள்ள போனா, கத்தி காட்டினவன் வெளியிலதானே சுத்திட்டிருக்கான்? பறிகொடுத்தவருக்கு அதுல என்ன லாபம்?

என் கடுப்பெல்லாம், இந்தக் கேள்வியை முதல்ல கேக்கறது அப்பீல் கோர்ட்டா இருக்கேங்கறதுதான். ஜாமீனுக்கு ஆள் இல்லாதவன் அதுக்குள்ள பாதி தண்டனையை ஜெயில்லயே கழிச்சிருப்பான். அதை யாரு ரத்து பண்றது?

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. தப்பிருந்தா வக்கீல் பதிவர்கள் தாராளமா குட்டலாம். ஸ்ப்ளெண்டர் இன்னும் வாங்கலை, பஸ்லதான் போயிட்டிருக்கேன்.