பிணை நிற்கும் தருமம்

ஏழைக்கு இரங்க வேண்டும் என்று சொல்லாத மதம் உலகில் இல்லை. ஆயினும், அந்த இரக்கம் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதில்தான் மனிதர்களுக்குள் அபிப்பிராய பேதம். வாசலில் நிற்பவனுக்கு ஒரு பிடி அரிசி போட்டுக் கதவைச் சாத்திக் கொண்டால் கடமை தீர்ந்தது என்று எண்ணுவோர் ஒரு கட்சி. அந்த ஒரு பிடியும் போடாமல், சோம்பேறித்தனத்தை வளர்க்கலாகாது என்று பொருளாதார சாஸ்திரம் பேசுவோர் மற்றொரு கட்சி. இவ்விரு கட்சியாரும் சிந்திப்பதற்குரிய ஒரு சரித்திரத்தை இவ்வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கிறிஸ்தவ வேதத்தில் வரும் நல்ல சமாரியனுடைய கதையை அநேகர் அறிவார்கள். கள்வரால் அடிபட்டு வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனைக் குருவும் லேவியனும் கண்டு விலகிப் போனார்கள். அந்நியன் என்று இகழப்பட்ட சமாரியன் ஒருவனே அவன் காயங்களைக் கட்டி, தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்தில் சேர்த்தான். கதையை இவ்வளவோடு நிறுத்திவிடுவது வழக்கம். மறுநாள் நடந்ததைப் பலர் கவனிப்பதில்லை. புறப்படும்போது அவன் சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்து, மேற்கொண்டு ஆகும் செலவையும் திரும்பி வருகையில் தீர்ப்பதாக வாக்களித்தான். அதாவது, முன்பின் அறியாத ஒருவனுக்காக, இன்ன தொகை என்று தெரியாத கடனுக்குப் பிணை நின்றான்!

இந்த மறுநாள் காரியத்தைத் தம் வாழ்நாள் வேலையாக எடுத்துக் கொண்டவர் பிரெடரிக் வில்ஹெல்ம் ரைபைஸன் என்ற ஜெர்மானியர். 1818ம் வருஷம் பிறந்தவர். ராணுவத்தில் சேர்ந்தார், கண் நோயினால் அதை விட நேர்ந்தது. 1845ல் வெயர்புஷ் என்னும் ஏழைக் கிராமப் பகுதிக்கு நிர்வாகத் தலைவரானார். மறு வருஷமே விளைச்சல் பொய்த்தது. 1846ம் வருஷத்துக் கடுங்குளிரில் ஜனங்கள் பசியால் வாடினார்கள். சர்க்கார் மாவு அனுப்பியது. ஆனால் ரொக்கம் கொடுப்பவருக்கு மட்டுமே அதை வழங்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. ரொக்கம் இருந்தால் அவர்கள் ஏன் பட்டினி கிடக்கிறார்கள்? ரைபைஸன் உத்தரவை ஒதுக்கிவிட்டு, கடன் சீட்டு வாங்கிக்கொண்டு மாவை அளந்து கொடுத்தார். ஊரில் வசதியுள்ளவர்களைக் கூட்டி நிதி திரட்டினார். பொது அடுப்பு ஒன்று கட்டி, மலிவான விலையில் ரொட்டி கிடைக்கச் செய்தார்.

அவருடைய கிறிஸ்தவப் பக்தி ஆழமானது. எளியவருக்குச் செய்வதெல்லாம் தமக்கே செய்ததாகும் என்று கிறிஸ்து கூறியதை அவர் அலங்கார வார்த்தையாகக் கொள்ளவில்லை. கணக்குக் கொடுக்க வேண்டிய கடமையாகக் கொண்டார். 1849ல் பிளாமர்ஸ்பெல்ட் என்ற ஊரில், கந்து வட்டிக்காரரிடம் மாட்டையும் நிலத்தையும் இழந்து வந்த குடியானவர்களுக்காக ஓர் உதவிச் சங்கம் தொடங்கினார். 1854ல் ஹெடஸ்டார்பில் மற்றொன்று தொடங்கினார். ஆதரவற்ற குழந்தைகளின் பராமரிப்பு, சிறையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை, ஊருக்குப் புஸ்தகசாலை ஆகியனவும் அதன் நோக்கங்களாக இருந்தன.

ஆனால் இந்தச் சங்கங்களில் ஒரு பலவீனம் இருந்தது. கொடுப்பவர் செல்வர், பெறுபவர் ஏழை. செல்வருடைய உற்சாகம் வருஷத்துக்கு வருஷம் தேய்ந்தது. பரோபகாரம் ஒன்றையே நம்பி ஒரு சங்கம் நெடுங்காலம் நிலைக்காது என்பதை ரைபைஸன் உணர்ந்தார். அன்பே அஸ்திவாரமாக இருக்க வேண்டும் என்று விரும்பிய அவர், இதை அரை மனதோடுதான் ஒப்புக் கொண்டாராம். 1864ல் ஹெடஸ்டார்புச் சங்கம் கடன் சங்கமாக மாறியது. கடன் வாங்குகிறவனும் அதில் அங்கத்தினன்.

"பிணை நில்லாதே" என்று நம் பெரியோர்கள் எச்சரிப்பது வழக்கம். வேதாகமத்தின் நீதிமொழிகளிலேயே அவ்வித எச்சரிக்கை உண்டு. அப்படியிருக்க, ஒருவர் கடனுக்கு எல்லோரும் தம் சொத்து முழுவதையும் பொறுப்பாக்குவது எங்ஙனம் சாத்தியமாயிற்று? சங்கத்தின் எல்லை ஓர் ஊருக்குள் அடங்கியது. யார் உழைப்பாளி, யார் குடியன் என்பது எல்லோருக்கும் தெரியும். மாடு வாங்க, விதை வாங்கக் கடன் உண்டு, ஆடம்பரத்துக்கு இல்லை. நிர்வாகிகள் சம்பளமின்றி உழைத்தார்கள். மிச்சத்தைப் பங்கு போட்டுக்கொள்ளாமல் சேமநிதியில் சேர்த்தார்கள். ஈட்டுக்குப் பொருளில்லாத ஏழையின் நாணயமே ஈடாயிற்று. நோயினால் 1865ல் உத்தியோகத்தை விட்ட ரைபைஸன், பார்வை மிகவும் மங்கிய நிலையில், மகள் அமாலியாவின் துணைகொண்டு, 1866ல் இம்முறையை விளக்கும் நூலை வெளியிட்டார். 1888ல் காலமானார்.

அவரிடம் குறை இல்லாமலில்லை. யூதரைப் பற்றிய அவர் எழுத்துக்களில் அக்காலத்துத் துவேஷத்தின் சாயல் உண்டு. அந்நியனை அண்டை வீட்டானாக மதித்த சமாரியனின் கதை அவ்விஷயத்தில் அவரை எட்டவில்லை என்றே சொல்ல வேண்டும்.

இந்த ஜெர்மானியருக்கும் நமக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. குடியானவரின் கடன் சுமைக்குப் பரிகாரம் தேடும்படி சென்னை சர்க்கார் பிரெடரிக் நிக்கல்ஸன் என்ற அதிகாரியை நியமித்தது. அவர் ஐரோப்பிய முறைகளை ஆராய்ந்து, 1895லும் 1897லும் வெளியிட்ட அறிக்கைகளில், ரைபைஸனைப் போன்ற மனிதர்களை இந்நாட்டில் கண்டுபிடிக்க வேண்டும் என்ற கருத்தை வற்புறுத்தினார். 1904ல் சட்டம் பிறந்தது. அவ்வருஷமே செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் சங்கம் தோன்றியது. நம் பாட்டனார்கள் "ஐக்கிய நாணய சங்கம்" என்று அழைத்தது இதைத்தான்.

நிக்கல்ஸன் தேடச் சொன்னது மனிதரை. முதலில் கிடைத்ததோ சட்டமும் பதிவாளரும். ஹெடஸ்டார்பில் அண்டை வீட்டான் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டுக் கடனைத் திருப்பினார்கள். இங்கே அநேக ஊர்களில் சங்கம் ஒரு சர்க்கார் கச்சேரியாகவே ஜனங்களுக்குத் தோன்றியது. கச்சேரிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கிக்கு யார் வெட்கப்படுவார்கள்?

அநியாய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ல் சட்டம் செய்யப்பட்டது. எனினும், காலையில் கடன் வாங்கிக் காய்கறி விற்று, மாலையில் வட்டியோடு திருப்பும் கூடைக்காரி நம் தெருவுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறாள். அவளிடம் கத்தரிக்காய் பேரம் பேசி இரண்டு ரூபாய் குறைத்துவிட்டு, அந்த இரண்டு ரூபாயைக் கோயில் வாசலிலோ மாதாகோயில் உண்டியலிலோ போடுகிறோம். புண்ணியக் கணக்கு நேராகிவிட்டதென்று திருப்தியும் அடைகிறோம்.

தருமம் செய்யும் கை உயர்ந்ததுதான். ஆனால் கொடுத்தபின் அந்தக் கை விலகிவிடுகிறது; பிணைக் கையெழுத்துப் போட்ட கையோ கடன் தீரும்வரை விலக முடியாது. நம் வீட்டில் வேலை செய்யும் அம்மாளின் மகன் படிப்புக்குக் கடன் கேட்டு வங்கியில் நிற்கும்போது, அவன் யோக்கியதையை அறிந்த நாம் துணிந்து கையெழுத்திடுவோமா? கிறிஸ்தவரோ, இந்துவோ, முஸ்லிமோ, தத்தம் வேதத்தின் பேரால் இக்கேள்விக்கு விடை சொல்லிப் பார்க்கலாம்.