பீரங்கிகள் பார்த்த திசை

சிலாபத்துக் கரையில் குன்றுகள் இல்லை. மீன்பிடி வள்ளங்கள் வந்துபோகும் களப்பு வாயில்தான் உண்டு. ஆகவே பேரரசுகளின் போர்க் கப்பல்கள் இவ்வூருக்காக மோதிக்கொள்ளவில்லை. தீவின் கிழக்கே திருகோணமலைக்கு இயற்கை ஆழமான துறைமுகத்தைக் கொடுத்தது. அது வரமா, சாபமா என்று வரலாறு இன்றுவரை தீர்ப்புச் சொல்லவில்லை.

இரண்டு ஊர்களுக்கும் ஒரு பொதுத்துயர் உண்டு. சிலாபத்தின் முன்னேஸ்வரத்தைப் போர்த்துக்கேயர் 1578இல் இடித்தனர். 1620களில் கோணேஸ்வரத்தை இடித்து அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். பின்னர் ஒல்லாந்தர், உள்துறைமுக வாயிலைக் காக்கும் மலைமுகட்டில் ஒஸ்டன்பேர்க் கோட்டையை எழுப்பி, பீரங்கிகளைக் கடலை நோக்கி நிறுத்தினர்.

அந்த மலை எதைக் காத்தது? 1782 ஜனவரியில் பிரித்தானியர் கரையிறங்கித் தரைவழியாக வந்து அதைக் கைப்பற்றினர். அதே ஆண்டு ஓகஸ்ட் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் அதைப் பறித்துக்கொண்டார். காக்க விரைந்த ஹியூஸின் கப்பற்படை வந்து சேர்வதற்குள் கோட்டை கைமாறிவிட்டது. செப்டெம்பர் 3இல் கடலில் நடந்த போரும் அதை மீட்டுத் தரவில்லை. ஐரோப்பாவில் சமாதானம் பேசி முடித்ததும் திருகோணமலை மீண்டும் ஒல்லாந்தரைச் சேர்ந்தது. 1795இல் மறுபடியும் பிரித்தானியர். பதின்மூன்றே ஆண்டுகளில் நான்கு கைமாற்றங்கள்! அவற்றுள் எதிலும் அவ்வூர் மக்களை ஒருவரும் கேட்கவில்லை.

பிரித்தானியர் அம்மலையில் நிலவறைகளும் பீரங்கி மேடைகளும் அமைத்தனர். ஆனால் 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது, கப்பல்களுக்காகக் காத்திருந்த கரையோரப் பீரங்கிகளால் ஆவதொன்றும் இருக்கவில்லை. அன்றே ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது.

பீரங்கிகளை இயக்கியவர்களுள் இத்தீவின் இளைஞர்களும் இருந்தனர். இலங்கைக் கரையோரப் பீரங்கிப் படையின் ஒரு பிரிவு கொக்கோஸ் தீவுக்கு அனுப்பப்பட்டது. 1942 மே மாதம் அங்கே கிளர்ந்தெழுந்தவர்களுள் கிரேஷியன் பெர்னாண்டோ உள்ளிட்ட மூவர் அவ்வாண்டு ஓகஸ்டில் கொழும்பில் தூக்கிலிடப்பட்டனர். யாருடைய பேரரசைக் காப்பதற்கு யாருடைய உயிர் என்ற கேள்வியை அவர்களது மரணம் விட்டுச் சென்றிருக்கிறது.

1957இல் பிரித்தானியர் தளத்தைக் கையளித்துவிட்டுச் சென்றனர். இன்று ஹூட் கோபுரம் என அறியப்படும் அம்முகட்டில் கடற்படை அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கு பீரங்கிகள் காட்சிப்பொருள்களாகிவிட்டன. துறைமுகம் அப்படியாகவில்லை. எண்ணெய்த் தாங்கிகள் குறித்து 2022இல் இந்தியாவுடன் உடன்படிக்கை கைச்சாத்தானது. 2025இல் எரிசக்தி மையம் அமைப்பதற்கென ஐக்கிய அரபு இராச்சியமும் சேர்ந்தது.

இவ்வுடன்படிக்கைகளைப் படையெடுப்புகளோடு ஒப்பிடுவது பேதைமை. முதலீடு வேண்டாம் என்பதும் என் வாதமன்று. துறைமுகத்தின் விதி எங்கோ எழுதப்பட்டு, அதன் கரையில் வாழ்வோருக்குக் கடைசியில் அறிவிக்கப்படும் பழைய வழக்கம் மட்டும் தொடரலாகாது. ஒவ்வோர் உடன்படிக்கையின் முழு வாசகமும் தமிழிலும் சிங்களத்திலும் மக்கள்முன் வைக்கப்பட வேண்டும். கரையோர மீனவர், விவசாயிகளின் கருத்து கையொப்பத்துக்கு முன்னரே கேட்கப்பட வேண்டும்.

மலைமீதிருந்த பீரங்கிகள் எப்போதும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தன. பின்னால் இருந்த ஊரை அவை பார்க்கவேயில்லை. இனி ஆள்வோராவது திரும்பிப் பார்க்கட்டும்.