முள் ஒடிக்கப்பட்ட கதைகள்

"கதைதானே!" என்று தள்ளிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளை அமைதியாக அமர்த்தவும், மறையுரையின்போது உறங்குவோரை எழுப்பவுமே கதை உதவும் என்று எண்ணிவிட்டோம். இவ்வெண்ணம் நற்செய்திக்கே முரணானது என்று சொல்லத் துணிகிறோம்.

தாவீது அரசரை நினைத்துப் பார்ப்போம். உரியாவின் மனைவியைக் கவர்ந்து, உரியாவையும் போர்முனையில் மடியச் செய்தவர் அவர். அவரிடம் சென்ற இறைவாக்கினர் நாத்தான் திருச்சட்டத்தை ஓதவில்லை; ஏழை ஒருவனின் ஒரே ஆட்டுக்குட்டியைச் செல்வன் ஒருவன் பறித்த கதையைச் சொன்னார். அரசர் வெகுண்டெழுந்து, அச்செல்வன் சாகவேண்டும் என்றார். அவன் யார் என்று நாத்தான் சுட்டியபோது, தாம் அளித்த தீர்ப்பிலிருந்து தப்ப அரசருக்கு வழியில்லை. குற்றச்சாட்டு நுழைய முடியாத அரண்மனைக்குள் கதை நுழைந்தது.

நம் ஆண்டவரும் இவ்வழியையே தேர்ந்தார். தமக்கு அடுத்திருப்பவர் யார் என வினவிய திருச்சட்ட அறிஞருக்கு, எரிகோ செல்லும் பாதையில் குற்றுயிராய்க் கிடந்தவனின் கதையைச் சொல்லி, கேள்வியை அவரிடமே திருப்பினார். அறிஞரோ 'சமாரியர்' என்று சொல்லாமல், இரக்கம் காட்டியவர் என்றே விடையளித்தார் (லூக்கா 10:37). வெறுத்த இனத்தின் பெயர் அவர் நாவில் எழவில்லை போலும்! ஊதாரி மைந்தன் கதையிலோ, மூத்த மகன் விருந்துக்குள் சென்றானா என்பதை ஆண்டவர் சொல்லவே இல்லை.

நாம் செய்வதென்ன? கதை முடியுமுன்னே நீதியை ஒட்டி அதன் முள்ளை ஒடித்துவிடுகிறோம். பிறர்க்கு உதவுக என்பதை மறுப்பவர் யார்? எல்லாரும் தலையாட்டுவர், எவர் நெஞ்சிலும் தைக்காது. நல்ல சமாரியர் கதையை எத்தனையோ முறை கேட்ட பின்னும், கல்லறைத் தோட்டத்தைச் சாதியால் பிரித்து வைத்திருக்கும் ஊர்கள் நம்மிடையே உள்ளன. அவ்வூர்ச் சமாரியர் யார் என்று அக்கதை கேட்கவேண்டாமா?

விளக்காவிடில் எளியோர் தவறாகப் புரிந்துகொள்வர் என்பர் சிலர். விதைப்பவர் உவமையை ஆண்டவரே விளக்கினார் என்பது உண்மை. ஆயினும், தனிமையில், கேட்டு வந்தவர்க்கே விளக்கினார். முதலில் கேள்வி பிறந்தது. விளக்கம் பின்னரே வந்தது. நாமோ கேள்வி பிறக்கவே விடுவதில்லை.

2020ஆம் ஆண்டின் உலக சமூகத் தொடர்பு நாள் செய்திக்குத் திருத்தந்தை பிரான்சிஸ் எடுத்துக்கொண்ட கருப்பொருள், பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கதை சொல்லும்படி விடுதலைப் பயண நூல் விடுக்கும் அழைப்பே. அப்பணி குருக்களுடையது மட்டுமன்று, இல்லத்தாராகிய நம்முடையது.

இன்றிரவே ஊதாரி மைந்தன் கதையை நம் வீட்டில் சொல்வோம். "அண்ணன் உள்ளே போனானா?" என்று பிள்ளை கேட்டால், விடை சொல்ல விரையாதிருப்போம். வாசலில் நிற்பவர் நாமாகவும் இருக்கலாம்.